சீடியில் வந்த மென்பொருளும் பெரியப்பாவின் கூத்தும்

பழைய வீஎச்எஸ் கசெட்டுகளைக் கணினிக்கு ஏற்றத் தொடங்கி மூன்று வருடத்துக்கு மேலாகிவிட்டது. மட்டக்களப்பு மாவட்டத்தில் களுவாஞ்சிக்குடிப் பக்கத்தில் 90களில் எடுத்த கல்யாண வீடு, சாமத்திய வீடு, கோயில் சடங்கு எல்லாம் இன்னும் அலமாரிகளுக்குள்தான் கிடக்கின்றன. எங்கள் வீட்டில் இருந்தவற்றில் நான் உயிராக நினைப்பது நான்கு கசெட். பெரியப்பா அருச்சுனனாக ஆடிய வடமோடிக் கூத்து அரங்கேற்றம் அது. வடமோடி எங்கள் பக்க மரபுக் கூத்தில் ஒரு வகை. விடியும்வரை ஆடியதால் மூன்று மணித்தியாலக் கசெட் நான்கு தேவைப்பட்டிருக்கிறது.

2022 இல் மட்டக்களப்பு நகரில் ஒரு யூஎஸ்பி கப்சர் வாங்கினேன், கசெட் படத்தைக் கணினிக்கு மாற்றித் தரும் சின்னக் கருவி. கசெட் ஓட்டும் டெக்கிலிருந்து மஞ்சள், சிவப்பு, வெள்ளை வயர் வந்து அதில் ஏறும், மறுமுனை மடிக்கணினிக்கு. கூடவே எடிட்டிங் மென்பொருள் ஒன்று சீடியில் வந்தது. அந்தக் கப்சரில் எனக்கு இன்றுவரை பெரிய குறை இல்லை. குறையெல்லாம் சீடியில் வந்ததில்தான்.

முதல் நாளே படம் கறுப்பு வெள்ளையாக, மேலும் கீழும் உருண்டுகொண்டு வந்தது. கசெட் கெட்டுப்போய்விட்டது என்று நெஞ்சு பதறியது. பிறகுதான் பிடிபட்டது: இலங்கையில் நாம் பாவிப்பது பால் (PAL) என்ற தொலைக்காட்சிப் பட முறை, 625 கோடு, நொடிக்கு 25 படம். மென்பொருளோ அமெரிக்காவின் என்டிஎஸ்சி (NTSC) முறையில் நின்றது. சரி, மாற்றிவிட்டேன். ஆனால் மூடித் திறந்தால் பழையபடி என்டிஎஸ்சிக்கே போய்விடும். ஒவ்வொரு தடவையும் பார்த்து மாற்ற வேண்டும்.

அடுத்தது, இடையில் நின்றுவிடும். வீடியோக்காரர் கெமராவை நிறுத்தித் திரும்பப் போட்ட இடங்களில் கொஞ்ச நேரம் வெறும் புள்ளி மழைதான் இருக்கும். சிக்னல் முடிந்துவிட்டது என்று மென்பொருள் அங்கேயே பதிவை நிறுத்திவிடும். நாடா தளர்ந்த ஓரிடத்தில், இது பிரதி எடுக்கத் தடை செய்யப்பட்ட கசெட் என்றும் சொன்னது. எங்கள் ஊர்க் கோயில் வீதியில் எடுத்த கூத்துக்கு யார் தடை போட்டது? நலிந்த சிக்னலைத் திரைப்படக் கசெட்டுகளில் போடும் பூட்டு என்று பிழையாக எடுத்துக்கொள்வதால் இப்படி வரும்.

இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்டு ஒரு கசெட்டை முழுதாக ஏற்றிப் பெரியப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அரைவாசி தாண்டியதும் அவர் முகம் மாறியது. “மனே, மத்தளம் ஒரு பக்கம் போகுது, என்ட கால் வேற பக்கம் போகுது” என்றார். நான் கவனிக்கவே இல்லை, அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. சிக்னல் தளும்பும் இடங்களில் மென்பொருள் சில படங்களைத் தவறவிடுகிறது. ஒலி மட்டும் தன்பாட்டில் ஓடுகிறது. கசெட் முடியும்போது இரண்டு நொடி விலகல். கல்யாண வீடியோ என்றால் யாரும் கண்டுகொள்ளாமல் போகலாம். தாளக்கட்டும் மிதியும் ஒன்றாக விழ வேண்டிய கூத்தில் இரண்டு நொடி பிசகினால் ஆட்டமே இல்லை. எத்தனை படம் தவறியது என்று அந்த மென்பொருள் ஓரிடத்திலும் காட்டவில்லை. எனக்கு மிகவும் கோபம் வந்தது அதில்தான்.

இன்னொன்றும் உண்டு. நொடிக்கு 25 படம் என்றாலும் பால் கெமரா உண்மையில் 50 தடவை பதிகிறது, ஒரு தடவை ஒற்றைக் கோடுகள், மறு தடவை இரட்டைக் கோடுகள். இந்த மென்பொருள் இரண்டையும் கலந்து ஒரே படமாக்கி, அப்புறம் டிவிடிக்குப் பாவிக்கும் எம்பெக்-2 கோப்பாகச் சுருக்கிவிடுகிறது. பாத்திரம் களரிக்குள் நுழையும் வரவு ஆடிச் சுழன்று திரும்பும் இடத்தில் பெரியப்பாவுக்கு இரண்டு முகம். அசைவில் பாதி போய்விட்டது. அந்தக் கோப்பிலிருந்து அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

இப்போது அதே கப்சரில் வேர்ச்சுவல்டப் (VirtualDub) என்ற இலவச மென்பொருளைப் பாவிக்கிறேன். தவறிய படங்களின் எண்ணிக்கை ஓடிக்கொண்டே தெரியும், ஒலியைப் படத்தோடு இழுத்துச் சரிசெய்யவும் அதில் வழி இருக்கிறது. 720க்கு 576 அளவில், கோடுகளைக் கலக்காமல், ஹஃப்யூ (Huffyuv) என்ற சுருக்கும் முறையில் தரம் இழப்பில்லாமல் பதிகிறேன். மணித்தியாலத்துக்கு 30 ஜிபி அளவில் பிடிக்கும், அதற்காகவே தனி ஹார்ட் டிஸ்க் வாங்கினேன். பிறகு எஃப்எஃப்எம்பெக் (FFmpeg) என்ற இன்னொரு இலவச மென்பொருளில், ஒற்றை இரட்டைக் கோடுகளைத் தனித்தனிப் படமாக்கும் பிடபிள்யூடிஃப் (bwdif) மூலம் நொடிக்கு 50 படமாக விரித்தால் சுழற்சி வழுக்கிக்கொண்டு போகிறது. பழகக் கிட்டத்தட்ட ஒரு மாதம் ஆனது. பத்து நிமிடப் பிறந்தநாள் வீடியோவை வெட்டி, எழுத்துப் போட்டு, டிவிடி அடிப்பதென்றால் சீடி மென்பொருள் போதும். அதற்கு மேல் அதை நம்பாதீர்கள். டெக்கும் இனிப் புதிதாக வராது: விசிஆர் என்ற இந்த டெக்கைச் செய்துகொண்டிருந்த கடைசிக் கம்பனியான ஃபுனாயும் 2016 இல் நிறுத்திவிட்டது. என் டெக்கைக் கல்முனையில் ஒருவர் இரண்டு தடவை திருத்தித் தந்தார், மூன்றாம் தடவைக்கு நாடாவைப் படிக்கும் தலை கிடைக்காது என்று சொல்லிவிட்டார்.

மூன்று கசெட் புதிய முறையில் முடிந்துவிட்டது. நான்காவதில்தான் விடியற்காலை ஆட்டம் இருக்கிறது. அதன் ஓரத்தில் வெள்ளைப் பூஞ்சணம். அப்படியே போட்டால் டெக்கின் தலையும் கெடும், நாடாவும் கிழியும். மாரி மழை விட்டு ஈரம் காயட்டும் என்று பொத்தி வைத்திருக்கிறேன். எப்ப மனே போடுவாய் என்று பெரியப்பா ஒவ்வொரு கிழமையும் கேட்கிறார்.