ஆறு வருடமாக வியூஸ் எண்ணிய அனுபவம்

சிங்கப்பூரில், ஈசூன் வீட்டுச் சமையலறையில் அம்மா சமைப்பதைப் படம் பிடித்து யூடியூபில் போட ஆரம்பித்தது 2019 தீபாவளிக்கு முந்தைய வாரம். கேமரா பற்றி எழுத ஒன்றுமில்லை, கைப்பேசிதான். இத்தனை நாளில் நான் அதிகம் தேய்த்தது, சேனல்காரர்கள் தங்கள் கணக்கைப் பார்க்கும் யூடியூப் ஸ்டூடியோ செயலியைத்தான். அதிலும் வியூஸ் எண்ணை.

முதல் குழப்பம் மீன்தலைக் கறி போட்ட இரவில் வந்தது. ஸ்டூடியோவில் 412, காணொளிக்கு அடியில் 371. மீதி 41 பேர் எங்கே போனார்கள் என்று தூக்கமே வரவில்லை. அப்புறம்தான் பிடிபட்டது. ஸ்டூடியோவில் ஓடும் கடைசி 48 மணி நேரக் கணக்கு ஓர் உத்தேசம். கல்லாவில் பணம் விழும்போதே எண்ணுவது ஒன்று, கடை மூடியபின் கள்ள நோட்டை ஒதுக்கிவிட்டு எண்ணுவது வேறு. இரண்டும் சேர்ந்து வர நேரமாகும்.

பழைய ஆட்களுக்கு 301 வியூஸ் என்ற எண் நினைவிருக்கும். அதைத் தொட்டால் எண்ணிக்கை அங்கேயே நின்றுவிடும், பார்த்தது நிஜ ஆட்களா என்று சோதித்த பிறகே நகரும். 2015 ஆகஸ்டில் அந்த முறையை எடுத்துவிட்டார்கள். இப்போது எண் ஓடிக்கொண்டே இருக்கும். சந்தேகப்பட்டதை மட்டும் ஒதுக்குவார்கள், சில சமயம் பின்னால் கழிப்பார்கள்.

சந்தேகம் என்றால் என்ன என்பதை அம்மாதான் காட்டினார். ஒரு நாள் ராத்திரி முழுக்க டிவி, டேப்லெட், பழைய கைப்பேசி மூன்றிலும் தன் கத்திரிக்காய்ப் புளிக்குழம்பையே மாற்றி மாற்றி ஓடவிட்டிருக்கிறார். "நூறு தடவையாவது ஓடியிருக்கும் தம்பி" என்றார். காலையில் பார்த்தால் ஒன்பதுதான் கூடியிருந்தது. "ஏன், நான் மனுஷி இல்லையா?" என்று அவருக்கு உண்மையிலேயே கோபம். ஒரே ஆள் எத்தனை தடவை பார்த்தால் கணக்கு என்பதை யூடியூப் வெளியே சொல்வதில்லை. சொன்னால் அடுத்த நாளே அதற்கு ஏற்ற மாதிரி போலி வியூஸ் ஏற்றும் மென்பொருள் எழுதிவிடுவார்களே.

போலி வியூஸ் பாடத்தை நானே 35 வெள்ளி கொடுத்துக் கற்றுக்கொண்டேன். 2021-ல் ஒருவர் குறுஞ்செய்தியில் வந்து 5,000 வியூஸ் தருவதாகச் சொன்னார். இரண்டே நாளில் தந்தும் விட்டார். ஆனால் சராசரியாகப் பார்க்கும் நேரம் மூன்று நிமிடத்திலிருந்து 11 விநாடிக்கு விழுந்தது. தமிழ் வாடையே இல்லாத ஊர்களில் எல்லாம் அம்மாவுக்கு ரசிகர்கள்! இரண்டு வாரத்தில் நாலாயிரத்துச் சொச்சம் கழிந்துபோனது. அந்த ஆசாமி அதன்பின் போனை எடுக்கவில்லை. இப்படி வாங்குவது விதிமீறல், சேனலே போயிருக்கலாம். அந்தக் காசுக்குத் தேக்கா சந்தையில் நல்ல வஞ்சிரமாவது வாங்கியிருக்கலாம்.

யூடியூபின் குறுங்காணொளியான ஷார்ட்ஸ் வேறு கதை. 2025 மார்ச் 31 முதல் அது ஓட ஆரம்பித்தாலே ஒரு வியூ, திரும்ப ஓடினால் இன்னொன்று. ரசம் தாளிக்கும் 20 விநாடித் துணுக்கு திடீரென்று எகிறியதும் அம்மா பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிவிட்டார். சில விநாடியாவது பார்த்தால்தான் வியூ என்ற பழைய கணக்கு "எங்கேஜ்ட் வியூஸ்" என்ற பெயரில் உள்ளே இருக்கிறது, பணம் அதை வைத்துத்தான். அதனால் ஷார்ட்ஸ் எண்ணைப் பார்த்து யாரும் மயங்க வேண்டாம். ஃபேஸ்புக்கில் மூன்று விநாடி பார்த்தாலே ஒரு வியூ என்ற கணக்கு பல வருடம் இருந்தது. நெட்ஃபிளிக்ஸ் 2023 முதல் மொத்தம் பார்த்த நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்துச் சொல்கிறது. மூன்றையும் ஒரே தராசில் வைத்துப் பேசும் ஆளிடம் நான் வாதாடுவதில்லை.

விளம்பர வருமானத்துக்கு வேண்டிய 1,000 சந்தாதாரர்கள் சீக்கிரம் சேர்ந்துவிட்டார்கள். ஒரு வருடத்துக்குள் எல்லோருமாகப் பார்த்த நேரம் 4,000 மணி ஆக வேண்டும் என்பதுதான் முதுகை ஒடித்தது. காசு கொடுத்து விளம்பரமாக ஓட்டினால் அந்த நேரம் இதில் சேராது.

இப்போது நான் முதலில் திறப்பது, பார்ப்பவர்கள் எங்கே நிற்கிறார்கள், எங்கே ஓடுகிறார்கள் என்று காட்டும் வரைபடத்தைத்தான். புளிக்குழம்பில் 4:10-ல் ஒரு மேடு. என்னவென்று ஓட்டிப் பார்த்தேன். அம்மா மூடியைத் திறந்து "இப்போ உப்பு" என்று சொல்லி, கையால் அள்ளிப் போட்டுவிட்டுப் போய்விடுகிறார். எவ்வளவு என்று தெரியாமல் எல்லோரும் பின்னால் ஓட்டித் திரும்பப் பார்த்திருக்கிறார்கள். அடுத்த தடவை கரண்டியால் அளந்து போடுங்கள் அம்மா என்றேன்.

"என் கைதான்டா அளவு" என்றார்.