விரிந்த காதைச் சரிபண்றேன்னு 48,000 ரூபாய் சுருட்டிட்டாங்க, உஷார்!

கோபத்துலதான் எழுதுறேன், முன்னப்பின்ன இருந்தா பொறுத்துக்கோங்க. அக்கா பையனுக்கு 19 வயசு. காது விரிஞ்சிருக்குன்னு ஒரு கிளினிக்ல 48,000 கட்டினாங்க. முடி நடுறது, முகத்துக்கு லேசர், பல்லுக்குக் கிளிப்னு எல்லாத்தையும் ஒரே மாடியில வச்சு நடத்துற கடை. பேர் போட வேண்டாம்னு வக்கீல் சொல்லிட்டார். போறதுக்கு முன்னாடி என்னென்ன பார்க்கணும்னு கடைசியில வரிசையா தர்றேன்.

விளம்பரத்துல இருந்தது: "வெட்டு இல்லை, கட்டு இல்லை, 30 நிமிஷம்."

அக்கா விழுந்தது எங்கேன்னா, வெள்ளைக் கோட்டுக்காரர் ஸ்கேல் எடுத்து அளந்தார். காது விளிம்புக்கும் தலைக்கும் நடுவுல வலது பக்கம் 27 மில்லிமீட்டர், இடது 25. 20-ஐத் தாண்டினா விரிந்த காதுன்னார், அது சரியான கணக்குதான். அப்புறம் கண்ணாடி முன்னாடி ரெண்டு காதையும் விரலால பின்னாடி அழுத்தி, "இப்படியே நின்னுடும் தம்பி"ன்னார். அளந்து பேசுறாரே, விஷயம் தெரிஞ்சவர்தான்னு அங்கேயே கார்டை நீட்டிட்டாங்க.

அவர் பார்க்காம விட்டது இதுதான். காது விரியறதுக்கு முக்கியமா ரெண்டு காரணம். மடலோட மேல்பாதியில இருக்க வேண்டிய உள்மடிப்பு சரியா விழாம இருக்கலாம். இல்லைன்னா காது ஓட்டையைச் சுத்தி இருக்கிற கிண்ணம் ஆழமா இருந்து மொத்தக் காதையும் வெளியே தள்ளலாம். நிறைய பேருக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். மடிப்புக்கு முஸ்டார்டே தையல், கிண்ணத்தைக் காதுக்குப் பின்னாடி இருக்கிற எலும்போட இழுத்துக் கட்ட ஃபர்னாஸ் தையல். 1960-கள்லேர்ந்து இருக்கிற முறைகள். காதுக்குப் பின்னாடி வெட்டித் திறந்துதான் போடுவாங்க.

இவனுக்குக் கிண்ணம் ஆழம். இவங்க தோல் வழியா ஊசி விட்டு மடிப்புக்கு மட்டும் நூல் இழுத்து விட்டாங்க. சின்னப் பிள்ளைங்களுக்குக் குருத்தெலும்பு வளைஞ்சு கொடுக்கும். 19 வயசுல விறைப்பா இருக்கும், வளைச்சா பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும், நூல் அதை அறுத்துக்கிட்டு வரும். அப்படியே ஆச்சு. வலது காது மேல்பாதி பழையபடி விரிஞ்சது, பின்னாடி முடிச்சு தோலைக் குத்திக்கிட்டு வெளியே வந்து சீழ் வச்சது.

போன் போட்டா ரிசப்ஷன்ல, "வீக்கம் நார்மல் மேடம்." அடுத்து, "தம்பி ஒருக்களிச்சுப் படுத்திருப்பார்." அப்புறம் அமாக்ஸிசிலின் போடச் சொல்லி ஒரு வாட்ஸ்அப். மடல் பூரா சிவந்து வீங்கி, கம்மல் போடுற சதை மட்டும் நல்லா இருந்தா, குருத்தெலும்பு உறையில கிருமின்னு சந்தேகப்படணும். அங்கே அடிக்கடி வர்ற சூடோமோனாஸ் கிருமியை அமாக்ஸிசிலின் தொடக்கூட செய்யாது. விட்டா குருத்தெலும்பே கரைஞ்சு காது சுருங்கிடும். இதை ரிசப்ஷன்ல இருக்கிற பொண்ணு முடிவு பண்ணுது!

நல்லவேளை, அரசு மருத்துவமனை பிளாஸ்டிக் சர்ஜரி துறையில நூலை எடுத்து, சரியான மருந்து கொடுத்தாங்க. செலவே இல்லை.

48,000-ஐத் திருப்பிக் கேட்டா, "பேக்கேஜ் மேடம், ரீஃபண்ட் கிடையாது, கையெழுத்து போட்டிருக்கீங்க." அந்த டாக்டர் வேற பிராஞ்சுக்குப் போயிட்டாராம். மறுபடி பண்ண 20,000, அதுவும் தள்ளுபடி விலையாம்! பில்லைப் பார்த்தா "ஸ்கின் பேக்கேஜ்"னு இருக்கு, ஆபரேஷன்ங்கிற வார்த்தையே இல்லை. 48,000 ரூபாய்க்கு இதுதான் ரசீது.

வரிசையா தர்றேன்னேன், இப்போ பொறுமை இல்லை. அவசரமா சிலது:

பண்றவர் பிளாஸ்டிக் சர்ஜரியில எம்.சி.எச்.ங்கிற மேல்படிப்பு முடிச்சவரா, இல்லை முறையாப் படிச்ச காது மூக்கு தொண்டை சர்ஜனான்னு பாருங்க. பதிவு எண்ணை மெடிக்கல் கவுன்சில்ல சரிபாருங்க. "மடிப்பா, கிண்ணமா, ரெண்டுமா?"ன்னு கேளுங்க, முழிச்சா எழுந்து வந்துடுங்க. தழும்பு புடைச்சு வளர்ற உடம்புன்னா முதல்லயே சொல்லுங்க. திறந்து பண்ணி கட்டு போட்டிருக்கும்போது ஒரு பக்கம் மட்டும் வலி ஏறிக்கிட்டே போனா உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம். அன்னிக்கு ராத்திரியே கட்டைப் பிரிக்கச் சொல்லுங்க, காலையில பார்க்கலாம்னு விடாதீங்க.

கேஸ் ஷீட் நகலை எழுதிக் கேளுங்க, 72 மணி நேரத்துல தந்தாகணும். நுகர்வோர் ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள போடலாம், 5 லட்சம் வரைக்கும் கட்டணம் கிடையாது. நாங்க போடப் போறோம்.