குக்கர் ஹூட் பில்டர் கழுவ ஆள் கூப்பிடுகிறீர்களா? போத்தலைப் பாருங்கள்

வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீடு. "ஹூட் சேர்விஸ்" என்று வந்தவர், அடுப்புக்கு மேலே புகையை இழுக்கும் ஹூட்டின் பில்டரைக் கழற்றிப் பேசினில் வைத்து, லேபல் இல்லாத போத்தலில் இருந்து எதையோ ஊற்றினார். ஒரு நிமிடத்துக்குள் சாம்பல் நிற நுரை பொங்கியது. "பாருங்கோ அக்கா, எத்தினை வருச ஊத்தை கிளம்புது எண்டு!" கழுவி எடுத்தபோது பில்டர் கறுத்து, ஓரத்தில் வலை நொறுங்கிக் கொட்டியது. "இது உக்கின சாமான், புதுசுதான் போட வேணும்." கழுவுகூலி 3,500 ரூபா, புதுப் பில்டர் 9,000 ரூபா. ரசீது கொடுக்கவில்லை.

பொங்கியது ஊத்தை அல்ல, பில்டரேதான். ஊற்றியது காஸ்டிக் சோடா. கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக் கரைக்கும், உண்மை. ஆனால் வீட்டு ஹூட்களில் பெரும்பாலும் இருப்பது அலுமினிய வலை. காஸ்டிக் அலுமினியத்தையும் தின்னும். அப்போது சூடும் ஹைட்ரஜன் வாயுவும் கிளம்பும். நுரை வந்தது அந்த வாயுவால். யன்னல் பூட்டிய குசினியில், பக்கத்தில் காஸ் அடுப்பு எரிய இதைச் செய்வது ஆபத்து.

இன்னொரு ஏமாற்று, கரி பில்டரைக் கழுவித் தருவது. புகையை வெளியே தள்ளக் குழாய் இல்லாத ஹூட்களில் வலைக்கு மேலே இருக்கும் கறுத்த பில்டர் அது. சாதாரண கரி பில்டர் கழுவினால் திரும்ப வேலை செய்யாது, மாற்றத்தான் வேண்டும். கழுவலாம் என்று ஹூட்டின் கைந்நூலே சொல்லும் சில வகைகள் மட்டும் விதிவிலக்கு.

அலுமினிய வலைக்கு ஆளே தேவையில்லை. பிளக்கைக் கழற்றுங்கள், அடுப்பு ஆறட்டும். பில்டர் அமிழும் அகலத் தட்டில் கொதிதண்ணீர் பாதி, பைப் தண்ணீர் பாதி. 8 லீற்றருக்கு பாத்திரம் கழுவும் திரவம் 2 மேசைக்கரண்டி, அப்பச்சோடா 1 மேசைக்கரண்டி. 15 நிமிடத்துக்கு மேல் ஊறவிடாதீர்கள்; அப்பச்சோடாவும் கூடினால், நேரம் நீண்டால் அலுமினியம் மங்கும். பழைய பல்லுப் பிரஷால் வலையின் ஓட்டம் பார்த்து மெதுவாகத் தேயுங்கள். கம்பிநார் வேண்டாம், வலை பிய்ந்துவிடும். ஒரு தரத்தில் போகாவிட்டால் புதுத் தண்ணீரில் இன்னொரு தரம். மாதக்கணக்கில் சூட்டில் கிடந்த எண்ணெய் வார்னிஷ் மாதிரி இறுகிவிடும், அது முழுக்கப் போகாது. மஞ்சள் கறை மிஞ்சினால் மிஞ்சட்டும், காற்று போனால் போதும். தினமும் மீன் பொரிக்கிற வீடென்றால் மாதம் ஒருமுறை கழுவுங்கள், இந்தப் பாடே வராது.

கழுவிய தண்ணீரைச் சுடச்சுட சிங்கில் ஊற்றாதீர்கள். குழாயில் கொழுப்பு உறைந்து கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டுவார். ஆறவிட்டு, மேலே மிதப்பதைக் கடதாசியால் எடுத்துக் குப்பையில் போடுங்கள். பில்டரை நிமிர்த்தி வைத்து நன்றாகக் காயவிட்ட பிறகே பூட்டுங்கள். மண்ணெண்ணெய், தின்னர் கிட்டவும் வேண்டாம். வலைக்குள் தங்கினது அடுப்புக்கு நேர் மேலேதான் இருக்கும்.

தகடு தகடாக, பாரமாக இருக்கும் ஸ்டெயின்லெஸ் பில்டர் இதைவிடச் சூடான தண்ணீரையும் நீண்ட ஊறலையும் தாங்கும். காந்தம் வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள்: அலுமினியத்தில் ஒட்டாது, ஸ்டெயின்லெஸ் பலதிலும் ஒட்டாது.

ஆளைத்தான் கூப்பிடுவதென்றால், என்ன ஊற்றப் போகிறார் என்று ஊற்ற முன்னமே கேளுங்கள், கழற்றிய பில்டரைப் போனில் படமெடுங்கள், ரசீது வாங்குங்கள். ஏற்கெனவே ஏமாந்திருந்தால் கறுத்த பில்டரைக் குப்பைக்குக் கொடுக்காமல் பொலித்தீனில் சுற்றி வையுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் இலக்கம் 1977. முறைப்பாட்டை எழுத்தில், 3 மாதத்துக்குள் கொடுக்க வேண்டும்.