ஆறு வேட்டைப் பருவங்களும் நழுவும் ஒரு டயாப்டர் வளையமும்

பெரிய விலங்கு வேட்டைக்குப் பைனாகுலர் வாங்குவதா, முக்காலியில் வைத்துப் பார்க்கும் ஒற்றைக்குழல் தொலைநோக்கியான ஸ்பாட்டிங் ஸ்கோப் வாங்குவதா என்று நண்பர் ஒருவர் கேட்ட அதே வாரத்தில், என்னுடைய 10×42 பைனாகுலர் (பத்து மடங்கு பெரிதாக்கும், முன்லென்ஸின் விட்டம் 42 மில்லிமீட்டர்) பழுது நீக்கப்பட்டுத் திரும்பி வந்தது. பெட்டியைப் பிரித்ததும் நான் முதலில் சோதித்தது லென்ஸை அல்ல, வலக்கண்ணருகே இருக்கும் டயாப்டர் வளையத்தை, அதாவது இரு கண்களின் பார்வை வேறுபாட்டைச் சரிசெய்யும் வளையத்தை. சுண்டுவிரலால் தொட்டேன்; முன்புபோலவே வழுக்கிக்கொண்டு திரும்பியது. ஆகவே இந்தப் பதிலில் சற்றுக் கோபம் கலந்திருந்தால் நண்பர் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடியைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. பொழுது சாய்ந்து, வெறுங்கண்ணுக்குப் புதரும் பாறையும் ஒரே கருமையாகிவிட்ட பிறகும், புதருக்குள் கிடைமட்டமாக ஓடும் முதுகுக்கோட்டை இது பிரித்துக் காட்டும். காட்டில் பெரும்பாலான கோடுகள் செங்குத்தானவை. கிடைக்கோடு தென்பட்டால் அது விழுந்த மரமாக இருக்கும், இல்லையேல் மானாக இருக்கும். 42 மில்லிமீட்டரைப் பத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்துசேரும் ஒளிவட்டம் 4.2 மில்லிமீட்டர், 8×42 கருவியில் அது 5.25. அந்திப் பொழுதில் விரிந்த கண்மணிக்கு எட்டே கூடுதலாக ஒளி தரும், கையிலும் குறைவாகவே நடுங்கும். அடர்ந்த காட்டுக்குள் நூறு மீட்டருக்குள்ளேயே தேடுகிறவருக்கு நான் யோசிக்காமல் எட்டைச் சொல்வேன். திறந்த மலைச்சரிவுகளில் தேடுகிறவன் என்பதால் பத்தை எடுத்தேன். ஆறு பருவங்களாக அதில் வருத்தமில்லை.

ஸ்கோப்பைப் பற்றி நண்பர் நினைப்பது வேறு, அது செய்யும் வேலை வேறு. விலங்கைத் தேடிக் கண்டுபிடிப்பது பைனாகுலர். கண்டுபிடித்ததை இன்னதென்று உறுதிசெய்வது ஸ்கோப். ஆயிரம் மீட்டர் தொலைவில் என் பைனாகுலர் ஏறத்தாழ 110 மீட்டர் அகலத்தைக் காட்டும்போது, ஸ்கோப் 20 மடங்கிலேயே அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் காட்டும்; அந்தச் சிறு துளை வழியாக முழு மலையையும் துழாவினால் பொழுது போய்விடும். பெட்டியில் அச்சிட்டிருக்கும் 60 மடங்கைக் கண்டு மயங்கவும் வேண்டாம். 80 மில்லிமீட்டர் லென்ஸிலும் 60 மடங்கில் ஒளிவட்டம் 1.3 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடும். வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் கானல் அலை படத்தையே கொதிக்க வைத்துவிடும். ஆனால் கொம்பின் வளைவையோ கிளைகளையோ பார்த்த பிறகே சுடலாம் என்று விதியுள்ள இடங்களில், ஒரு கிலோமீட்டர் தள்ளி அமர்ந்தே அதைத் தீர்மானித்துவிட்டால் மூன்று மணி நேர ஏற்றம் மிச்சம். அந்த ஒரு காரணத்துக்காக அதன் எடையையும் முக்காலியின் எடையையும் சுமக்கலாம். (துப்பாக்கியின் ஸ்கோப்பாலேயே பார்த்துக்கொள்ளலாம் என்பவரோடு நான் வேட்டைக்குப் போவதில்லை, அவர் பார்க்கும் திசையில் எல்லாம் குழலும் திரும்புகிறது, அந்தத் திசையில் மனிதரும் இருக்கலாம்.)

நான் எதிர்பாராத மகிழ்ச்சி முக்காலியில் கிடைத்தது. பைனாகுலரின் முன்பக்கக் கீல்மூடியைக் கழற்றினால் உள்ளே ஒரு சிறிய திருகுத்துளை இருக்கிறது என்பது இரண்டாம் ஆண்டில்தான் எனக்குத் தெரிந்தது. ஓர் இணைப்பியை மாட்டி முக்காலியில் பொருத்தியபோது கையிலிருந்த அதே பத்து மடங்கு வேறொரு கருவியாகிவிட்டது. அன்று காலையில் இருமுறை பார்த்து, ஒன்றுமில்லை என்று கைவிட்ட சரிவில் மூன்று பெண்மான்கள் படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தன. அசையும் தாடையையும் துடிக்கும் காதையும் அதுவரை என் கைநடுக்கம் விழுங்கியிருக்கிறது.

இனி வளையத்துக்கு வருகிறேன். நடுச்சக்கரம் இரண்டு குழல்களையும் சேர்த்தே குவியப்படுத்துகிறது. இரு கண்களுக்கும் இடையிலுள்ள பார்வை வேறுபாட்டை ஈடுகட்டுவது மட்டுமே டயாப்டர் வளையத்தின் வேலை. ஒருமுறை சரியாக வைத்துவிட்டால் பிறகு அதைத் தொட வேண்டியதே இல்லை. அதனால்தான் நல்ல தயாரிப்புகள் பலவற்றில் அதற்குப் பூட்டு வைக்கிறார்கள். என்னுடையதில் பூட்டு இல்லை. மார்புப் பையிலிருந்து உருவும் ஒவ்வொரு முறையும் பையின் விளிம்பு அதை மயிரிழை அளவு திருப்பிவிடும். திரும்பியது உடனே தெரிந்தாலும் பரவாயில்லை. தெளிவாகத் தெரியும் கண்ணின் படத்தை மூளை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ளிவிடுவதால், எல்லாம் சரியாக இருப்பதாகவே தோன்றும். அரை மணி நேரம் கழித்துப் புருவத்துக்கு மேல் வலி தொடங்கும்.

நான்காம் பருவத்தில் ஒரு விடியலில், பாறை நிழலில் கிடந்த ஒன்றை மரக்கட்டை என்று நாற்பது நிமிடம் நம்பிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் அமர்ந்திருந்தவர், என்னுடையதைவிட மலிவான பைனாகுலரில் பார்த்துவிட்டு, “உங்கள் கட்டை காதை ஆட்டுகிறது” என்றார். வளையம் இரண்டு கோடு தள்ளி நின்றது. அதைச் சரிசெய்து மீண்டும் கண்ணில் வைப்பதற்குள் கட்டை எழுந்து முகட்டைத் தாண்டிவிட்டது. அதன்பின் வளையத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்தேன். பழைய சைக்கிள் ட்யூபிலிருந்து ஒரு பட்டையை வெட்டி இறுக்கமாக மாட்டினேன். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் வேலை செய்தது.

சென்ற பருவத்தின் இறுதியில் கருவி பாறையில் விழுந்து, குழல்கள் ஒன்றுக்கொன்று விலகி, ஒரு மான் இரண்டாகத் தெரிந்தது. தயாரிப்பாளரிடம் அனுப்பும்போது வளையத்தைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதினேன். குழல்களை அவர்கள் அப்பழுக்கில்லாமல் நேர்ப்படுத்தியிருக்கிறார்கள் என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். உள்ளே ஈரம் படியாமல் காக்கும் நைட்ரஜனையும் புதிதாக நிரப்பியிருக்கிறார்கள். வளையத்துக்குக் கிடைத்த பதில் ஒரே வரி: இறுக்கம் வரையறைக்குள் இருக்கிறது. என் ட்யூப் பட்டையைக் கழற்றித் தனி உறையில் போட்டிருந்தார்கள். வெள்ளைப் புள்ளியைத் துப்புரவாகத் துடைத்தும் விட்டார்கள்.

எனவே நண்பருக்கு என் பதில்: முதலில் பைனாகுலர், அடுத்து முக்காலி, கொம்பை எண்ண வேண்டிய கட்டாயம் வந்தால் மட்டும் ஸ்கோப். கடையில் எதையும் கண்ணில் வைப்பதற்கு முன் வளையத்தைச் சுண்டுவிரலால் திருப்பிப் பாருங்கள். எளிதில் திரும்பினால் அங்கேயே வைத்துவிடுங்கள். அந்தியில் என்னுடையதைவிடத் தெளிவான 10×42 கருவியை நான் கண்ணில் வைத்ததில்லை, இருந்தும் இதை வாங்காதீர்கள் என்றே சொல்வேன்.

இதைக் கேட்டுவிட்டு, அப்படியானால் உங்களுடையதை எனக்கே விற்றுவிடுங்கள் என்றார். முடியாது என்றேன். இந்த வாரத்துக்கு இரவலாகவாவது கேட்டார். அதற்கும் முடியாது என்றேன், ஏனென்றால் அவர் தன் கண்ணுக்கு ஏற்ப வளையத்தைத் திருப்பிவிடுவார், என் வெள்ளைப் புள்ளியோ இன்னும் ஈரமாக இருக்கிறது.