பழைய பேஸ் கிட்டாரை யாரிடம் விற்பது? பொதுச் சந்தையா, வாசிப்பவர்களா?

வாசிக்காமல் கிடந்த பேஸ், கிட்டார், ஆம்ப் (ஒலிபெருக்கி), ஒலியை மாற்றக் காலால் மிதிக்கும் பெடல் என்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக விற்று முடித்துவிட்டேன். முன்னால் இருந்த வழிகள் நான்கு: கடையில் கொடுத்துவிடுவது, ஈபே மாதிரியான பொதுச் சந்தை, ரிவர்ப் மாதிரி இசைக் கருவிகளுக்கென்றே இருக்கும் தளம், வாசிப்பவர்கள் தங்களுக்குள்ளேயே வாங்கி விற்கும் இணையக் குழுக்கள். நான்கிலும் ஏதாவது ஒன்றை விற்றிருக்கிறேன். பேஸ் என்று வந்தால் என் ஓட்டு கடைசி வழிக்குத்தான். அதற்குக் காரணம் விலை இல்லை.

கடையைப் பற்றிப் பேச அதிகம் ஒன்றுமில்லை. அவர்கள் வாங்கி, துடைத்து, கம்பி மாற்றி, ஆள் வரும்வரை சுவரில் மாட்டி வைத்திருக்க வேண்டும். அந்தச் செலவும் லாபமும் நமக்குத் தரும் விலையிலிருந்துதான் கழியும். வெளியே போகும் விலையில் பாதி கிடைத்தால் நல்ல பேரம். ஆனால் அன்றே பணம், பெட்டி கட்டும் வேலை இல்லை, பிறகு யாரும் கூப்பிட்டுக் குறை சொல்வதும் இல்லை. அவசரத்துக்கு நல்லது.

பொதுச் சந்தையின் பலம் கூட்டம். முதன்முதலில் கிட்டார் தொடுபவருக்கான மலிவான கருவி என்றால் அங்கேதான் சீக்கிரம் போகும், ஏனென்றால் அதை வாங்க வேண்டியவர் இன்னும் எந்தக் குழுவிலும் சேர்ந்திருக்க மாட்டார். பெரிய ஆம்புக்கும் பக்கத்து ஊர் ஆட்கள் பார்க்கும் உள்ளூர் விளம்பரம்தான் வழி. ஆம்பெக் எஸ்விடி என்ற பேஸ் ஆம்ப் 1969இல் வந்தபோது 300 வாட். அதன் எட்டு ஸ்பீக்கர் கேபினெட் 60 கிலோவைத் தாண்டும். அதைப் பெட்டியில் போட்டு அனுப்பும் எண்ணமே வேண்டாம். வாங்குபவர் வண்டியும் கூட ஒரு ஆளும் கொண்டுவரட்டும். கூடவே தொல்லைகளும் உண்டு. பொருளைப் பார்க்காமலே ‘கடைசி விலை என்ன’ என்று கேட்பவர்கள், சொன்ன விலையைவிடக் கூடுதலாக அனுப்பிவிட்டு மீதியைத் திருப்பித் தரச் சொல்லும் மோசடிக்காரர்கள், ‘என் ஆள் வந்து எடுத்துக்கொள்வார்’ என்பவர்கள். இவர்களை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ரிவர்ப் இடைப்பட்ட வழி. 2013இல் சிகாகோவில் தொடங்கி, 2019இல் எட்ஸி நிறுவனத்தின் கைக்குப் போய், 2025இல் அங்கிருந்தும் கைமாறிய தளம். இசைக் கருவி தேடுபவர்கள் மட்டும் வருவதால் ‘இது என்ன, வயலினா’ என்ற கேள்வி வராது. அதில் எனக்கு ரொம்பப் பயன்பட்டது, அந்த மாடல் இதற்கு முன் உண்மையிலேயே என்ன விலைக்குப் போனது என்று பார்க்க முடிவது. கேட்கும் விலையை யார் வேண்டுமானாலும் எவ்வளவும் போடலாம். விற்ற விலைதான் கணக்கு. வேறு எங்கே விற்றாலும் விலை வைக்கும் முன் அங்கே ஒரு முறை பார்த்துவிடுவேன். கமிஷனும் பணப் பரிமாற்றக் கட்டணமும் பிடிப்பார்கள். வாங்குபவருக்குப் பாதுகாப்பு கொடுப்பதற்கான கூலி அது என்று எடுத்துக்கொண்டால் வருத்தமில்லை.

சரி, பேஸுக்கு வருவோம். இங்கே எல்லாவற்றையும் தீர்மானிப்பது ஒரே விஷயம்: விற்ற கருவி திரும்பி வருமா, வராதா. விலையில் பத்து சதவீதம் கூடக் குறைய இருப்பதெல்லாம் அதற்கு அடுத்துத்தான்.

பேஸ் ஏன் திரும்பி வருகிறது என்பதற்குக் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் கொண்டுவந்த காலத்திலிருந்து வழக்கமான பேஸின் கம்பி நீளம் 34 அங்குலம். ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டாரில் 25.5 அங்குலம். நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கை (கழுத்துப் பகுதியை) இழுக்கும் விசை ஏறக்குறைய 75 கிலோ. அதற்கு எதிராக உள்ளே டிரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு இழுப்புகளுக்கும் நடுவில் இருப்பது மரம். அது ஈரம் ஏறினால் ஒரு பக்கம் நகரும், காய்ந்தால் இன்னொரு பக்கம் நகரும். அனுப்பும்போது கம்பியைத் தளர்த்துவோம். வண்டியில் வெயிலும் குளிரும் மாறி மாறிப் படும். ஆக, நம் வீட்டில் அட்டகாசமாக செட்டப் செய்து அனுப்பிய பேஸ், அங்கே போய்ச் சேரும்போது கொஞ்சமாவது மாறித்தான் இருக்கும். முதல் ஃப்ரெட்டுகளில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகக் கட்டைகளில்) கம்பி பட்டு இரையலாம், ஆக்‌ஷன் (கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவில் உள்ள உயரம்) ஏறியிருக்கலாம்.

வாசிப்பவருக்கு இது செய்தியே இல்லை. கேஸைத் திறக்காமல் ஒரு நாள் அறையில் வைப்பார், கம்பியைச் சுருதிக்கு ஏற்றுவார், மறுநாள் டிரஸ் ராடைக் கால் சுற்று திருப்புவார், வேலை முடிந்தது. பொதுச் சந்தையில் வாங்கிய புதியவர் பெட்டியைப் பிரித்ததும் வாசிப்பார், இரைச்சல் கேட்கும், ‘பழுதான பொருள்’ என்று திருப்பி அனுப்ப விண்ணப்பிப்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் காதுக்கு அது பழுதுதான்.

இப்படிப் பழுதே இல்லாத பழுதுகள் பேஸில் நிறைய உண்டு. ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் மாடலில் இரண்டு பிக்கப்பையும் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்) ஒரே அளவில் வைத்தால் ஹம் என்ற ரீங்காரம் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் ஹம் வரும். ஒற்றைச் சுருள் பிக்கப்பின் இயல்பு அது. ஃபெண்டர் வகை பேஸ்களில் ஜி கம்பியில் ஐந்தாவது, ஆறாவது ஃப்ரெட் பக்கம் சில சுரங்கள் சட்டென்று மங்கிவிடும். டெட் ஸ்பாட் என்று சொல்வார்கள், புதுக் கருவியிலும் இருக்கும். உள்ளேயே பேட்டரி இருக்கும் ஆக்டிவ் பேஸில் கேபிளைச் செருகியபடியே நாள்கணக்கில் விட்டால் 9 வோல்ட் பேட்டரி தீர்ந்துவிடும், காரணம் கேபிள் செருகும் ஜாக்கே சுவிட்சாகவும் வேலை செய்கிறது. பிறகு ‘சத்தமே வரவில்லை’ என்று ஒரு செய்தி வரும். பொதுச் சந்தையில் எனக்கு அப்படி ஒரு செய்தி வந்தது. பேட்டரியை மாற்றச் சொல்லி நான் பதில் எழுதுவதற்குள் தளம் அவருக்குப் பணத்தைத் திருப்பித் தர ஒப்புதல் கொடுத்துவிட்டது.

அந்தப் பேஸ் திரும்பி வந்தது. போகும்போது நான் கேஸுக்குள் ஹெட்ஸ்டாக்கின் (கம்பி முறுக்கும் தலைப்பகுதியின்) முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்து, கேஸுக்கும் பெட்டிக்கும் நடுவில் இடைவெளி விடாமல் அடைத்து அனுப்பியிருந்தேன். வரும்போது பெட்டிக்குள் கேஸ் மட்டும் தடதடவென்று ஆடிக்கொண்டு வந்தது. எவ்வளவு கவனமாகக் கட்டினாலும் திரும்பும் பயணத்துக்குக் கட்டுவது நாம் இல்லையே. என்னுடையது நேரான ஹெட்ஸ்டாக், போல்ட் போட்ட நெக், பிழைத்தது. கிப்ஸன் மாதிரி ஹெட்ஸ்டாக் 17 டிகிரி பின்னால் சாய்ந்திருக்கும் கருவி என்றால், கேஸ் மல்லாக்க விழுந்தாலே நட்டுக்கு (நெக்கின் மேல்முனையில் கம்பிகளைத் தாங்கும் துண்டுக்கு) பின்னால் முறிய வாய்ப்பு அதிகம். கூரியர் காப்பீடு இருக்கிறதே என்றால், ‘சரியாகக் கட்டவில்லை’ என்ற ஒரு வரியில் அதைத் தள்ளிவிடலாம்.

வாசிப்பவர்கள் குழுவில் இதே கேள்விகள் வரும், ஆனால் பெட்டி கட்டும் முன்பே வரும். முதலில் எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. எடை எவ்வளவு, தராசில் வைத்துப் படம் போடுங்கள். நட் அகலம் 38 மில்லிமீட்டரா 41ஆ. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஆக்‌ஷன் எவ்வளவு. டிரஸ் ராடில் இன்னும் திருப்ப இடம் இருக்கிறதா. நெக் உடலில் பொருந்தும் குழி (நெக் பாக்கெட்) ஓரத்தில் தெரிகிற கோடு பெயின்ட் விரிசலா, மர விரிசலா. டெட் ஸ்பாட் எங்கே. ஒருவர் ஒவ்வொரு ஃப்ரெட்டாக வாசித்து ஒலிப்பதிவு அனுப்பச் சொன்னார். பாதி நாள் போனது. ஆனால் அவ்வளவும் கேட்டு வாங்கியவர் பெட்டியைப் பிரித்து ‘வந்து சேர்ந்தது, நன்றி’ என்று ஒரு வரி போட்டதோடு சரி. அவருக்குத் தெரியாத குறை அந்தப் பேஸில் மிச்சமே இல்லை.

குறையைச் சொன்னால் விலை குறையும் என்று பயப்படுகிறோம். குழுவில் நான் பார்த்தது நேர்மாறு. ‘பதினான்காவது ஃப்ரெட்டுக்கு மேல் தேய்மானம் இல்லை, முதல் ஐந்தில் உண்டு, வால்யூம் நாப் கரகரக்கிறது’ என்று எழுதிய விளம்பரத்துக்குத்தான் முதலில் ஆள் வந்தது. கரகரப்பு என்றால் கான்டாக்ட் கிளீனர் இரண்டு பீய்ச்சு என்று அவர்களுக்குத் தெரியும். பொதுச் சந்தையில் அதே வரி ஆளை விரட்டிவிடும்.

மாற்றிய பாகங்களுக்கும் இது பொருந்தும். நல்ல பிக்கப் போட்டிருக்கிறேன், அதற்கும் சேர்த்து விலை என்றால் எங்குமே எடுபடாது. பழைய ஒரிஜினல் பிக்கப்பை வைத்திருந்தால் அதையே திரும்பப் பொருத்தி பேஸை விற்றுவிட்டு, புதிய பிக்கப்பைத் தனியாக விற்பதுதான் லாபம். அந்தத் தனிப் பிக்கப்பை வாங்க ஆள் கிடைப்பது ரிவர்பிலும் குழுவிலும்தான்.

குழுவின் குறைகளையும் சொல்ல வேண்டும். மெதுவாகத்தான் போகும். இடதுகைப் பேஸ், ஃப்ரெட் இல்லாத ஃப்ரெட்லெஸ் பேஸ் எல்லாம் மாதக்கணக்கில் கிடக்கும். காசுக்குப் பதிலாக மூன்று பெடலும் ஒரு கேபினெட்டும் தருகிறேன் என்று மாற்றுக்குக் கேட்பவர்கள் ஓயவே மாட்டார்கள். ‘மாற்று இல்லை’ என்று தலைப்பிலேயே போட்டாலும் கேட்பார்கள். நடுவர் என்று யாரும் இல்லாததால் நம்பிக்கைதான் முதல். பேபாலில் நண்பர்களுக்கு அனுப்பும் முறையில் பணம் போட்டால் வாங்குபவருக்குப் பாதுகாப்பே கிடையாது, அதனால் பொருளுக்கான முறையில் அனுப்பச் சொல்லி, கட்டணத்தை நானே ஏற்றுக்கொள்வேன். பேஸின் பக்கத்தில் என் பெயரும் தேதியும் எழுதிய தாளை வைத்துப் படம் எடுத்துப் போடுவேன். இன்னொருவருடைய படத்தைத் திருடி விற்கும் ஆள் இல்லை என்று அதில் தெரிந்துவிடும். வாங்குபவர் இதற்கு முன் யாரிடம் வாங்கினார் என்று கேட்பதிலும் தப்பில்லை. புதிதாகச் சேர்ந்து, ஒரு கேள்வியும் கேட்காமல், சொன்ன விலைக்கே உடனே ஒத்துக்கொள்கிறார் என்றால் நான் விற்க மாட்டேன்.

விண்டேஜ் எனப்படும் பழங்காலக் கருவிகள் விஷயத்தில் என் கை அனுபவம் கொஞ்சம்தான், அதனால் அங்கே என் சிபாரிசைப் பாதியாக எடுத்துக்கொள்ளுங்கள். 1970களின் கருவி ஒன்று மட்டும் விற்றிருக்கிறேன். முதல் கேள்வியே ‘பாட்’டின் (வால்யூம் நாப்புக்கு அடியில் இருக்கும் பொட்டென்ஷியோமீட்டரின்) முதுகில் பொறித்த எண்ணைக் காட்டுங்கள் என்பதுதான். 1377633 என்றிருந்தால் 137 என்பது அந்தப் பாகத்தைச் செய்த சிடிஎஸ் நிறுவனம், 76 என்பது ஆண்டு, 33 என்பது வாரம். கருவி அதற்கு முந்தியதாக இருக்க முடியாது, ‘பாட்’டை மாற்றியிருந்தால் தவிர. பெயின்ட் ஒரிஜினலா என்ற ஒரு கேள்வியே விலையைப் பாதியாக்கிவிடும். அந்த அளவு பணம் புரளும் இடத்தில், கமிஷன் போனாலும் போகட்டும் என்று பெயரெடுத்த ஒரு விண்டேஜ் கடையில் ஒப்படைத்து விற்பதே புத்திசாலித்தனமாக இருக்கலாம் என்று தோன்றுகிறது.

எல்லை தாண்டி அனுப்புவதென்றால் மரத்தையும் பார்க்க வேண்டும். 2017 ஜனவரியில் ரோஸ்வுட் இனம் முழுவதும் சைட்டிஸ் (அழியும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) கட்டுப்பாட்டுக்குள் வந்து, நெக்கின் மேல் ஒட்டும் ஒரு சாதாரண ஃபிங்கர்போர்டுக்குக்கூட அனுமதிச் சீட்டு வேண்டியிருந்தது. 2019 நவம்பரில் முழுமையாகச் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு கொடுத்துவிட்டார்கள். பிரேசிலியன் ரோஸ்வுட்டுக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. அது 1992 முதலே மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. பழைய கிட்டாரில் அந்த மரம் என்றால் உள்நாட்டிலேயே விற்றுவிடுவது நிம்மதி.

பெடலுக்கு இவ்வளவு யோசனை தேவையில்லை. சின்னது, உடையாது, மரம் இல்லை, பேட்டரியைக் கழற்றிவிட்டால் எங்கும் போகும். அதை ரிவர்பில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். அசல் பெட்டி இருந்தால் இன்னும் சீக்கிரம் போகும். என்னிடம் மிச்சமிருப்பது ஓர் ஐந்து கம்பிப் பேஸ். எடை, நட் அகலம், ஆக்‌ஷன், டெட் ஸ்பாட் நான்கையும் யாரும் கேட்கும் முன்பே எழுதி, ஒலிப்பதிவும் சேர்த்துக் குழுவில்தான் போடப்போகிறேன். இரண்டு மாதம் ஆனாலும் ரிவர்புக்குப் போவேனே தவிர, பொதுச் சந்தையில் போட மாட்டேன்.