தொப்புள்கொடி ரத்தம் சேமிக்கிற சர்வீஸ்: வேலை ஓகே, பேச்சுதான் ஓவர்

தங்கச்சி பிரசவத்துக்கு எடுத்தோம், கம்பெனி பேரு வேணாம். கிட்டு நல்லாத்தான் இருந்துச்சு, ரத்தம் உறையாம இருக்க மருந்து ஊத்துன பை, தெர்மாகோல் பெட்டி, கொடிய வெட்டுனதும் எடுத்து சீல் வச்சு ராம்நாட்லேருந்து சென்னைக்கு அன்னைக்கே அனுப்பிட்டாங்க, அதுல குறையே இல்ல.

கடுப்பு அந்த சேல்ஸ் ஆளு மேலதான். கொடி ரத்தத்துல ஸ்டெம் செல்லு இருக்கும், அதாவது வேற வகை செல்லா மாறக்கூடிய மூல செல்லு, அத வச்சுத்தான் பேச்சு. "இந்த செல்லு நரம்பாவே மாறும்க்கா, பக்கவாதம் வந்தாலும் கவலையில்ல"ன்னு அள்ளி விட்டாரு. லேப்ல ரெட்டினாயிக் ஆசிட் (வைட்டமின் ஏ-லேருந்து வர்ற பொருளு), செல்லு வளரத் தூண்டுற வளர்ச்சிக் காரணிகள்லாம் குடுத்தா சில செல்லு நீளமா வால் விட்டு, நரம்பு மூல செல்லுல இருக்கிற நெஸ்டின் மாதிரி புரதத்தக் காட்டும், நெசந்தான். ஆனா பாக்க நரம்பு செல்லு மாதிரி இருக்கிறது வேற, மூளைக்குள்ள போயி சிக்னல் கடத்துறது வேற, வைத்தியமா அது இன்னும் வரல. 1988ல பாரிஸ்ல மொதமொதல்ல கொடி ரத்தத்த நோயாளிக்கு ஏத்துனதே ரத்த நோய்க்குத்தான், இன்னைக்கும் முக்கியமா அதுக்குத்தான். அதுலயும் தலசீமியா மாதிரி பிறவிக் கோளாறுன்னா புள்ளையோட சொந்த செல்லுலயும் அதே கோளாறு இருக்கும்ல, அத மூச்சே விடல. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலே (ஐசிஎம்ஆர்) தனியார் சேமிப்ப பரிந்துரைக்கல.

சர்வீஸுக்கு 4 ஸ்டார், பேச்சுக்கு 1. மச்சான் போட்டுக்குப் போறவரு, மீன்பிடி தடைக்காலத்துலயும் இஎம்ஐ பிடிக்கிறாங்க, கையெழுத்துக்கு முன்னாடி அதையும் கேட்டுக்கங்க.