ஃப்ளின்டாஃப் மறைத்து வைத்திருந்தது: ஓர் ஆவணப்படம் குறித்து

2002 பிப்ரவரியில் மும்பை வான்கடே மைதானத்தில் ஸ்ரீநாத்தை ஆட்டமிழக்கச் செய்துவிட்டு, சட்டையைக் கழற்றிச் சுழற்றியபடி ஓடிய இங்கிலாந்து வீரர் ஆண்ட்ரூ 'ஃபிரெட்டி' ஃப்ளின்டாஃபை நம் கிரிக்கெட் ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதே ஆண்டு லார்ட்ஸ் பால்கனியில் தம் சட்டையைச் சுழற்றி கங்குலி கொடுத்த பதில் அதை மறக்கவும் விடாது. அப்படி வெற்றுடம்போடு உலகின் முன் ஓடியவர், விளையாடிய காலத்தில் தம் எடையை எண்ணிக் கூசி, சாப்பிட்டதை யாருக்கும் தெரியாமல் வாந்தியெடுத்து வந்தார் என்பதைச் சொல்கிறது, 2020-இல் பிபிசி ஒளிபரப்பிய 'ஃபிரெட்டி ஃப்ளின்டாஃப்: லிவிங் வித் புலிமியா' என்னும் ஒரு மணி நேர ஆவணப்படம். (புலிமியா என்பது கட்டுப்பாடின்றிச் சாப்பிட்டுவிட்டு, எடை கூடிவிடுமோ என்ற அச்சத்தில் வாந்தி முதலியவற்றால் அதை வெளியேற்றும் உணவுக் கோளாறு.)

2000-ஆம் ஆண்டு ஓல்டு டிராஃபோர்டில் ஜிம்பாப்வேக்கு எதிராக ஆட்ட நாயகன் விருது வாங்கும்போது, "குண்டுப் பையனுக்கு இது பரவாயில்லைதானே" என்று அவரே சொல்லிச் சிரித்தார். பத்திரிகைகள் அவருடைய எடையைக் கிண்டல் செய்துகொண்டிருந்த நேரம் அது. கேட்பவர்கள் நகைச்சுவை என்று எடுத்துக்கொண்ட அந்தச் சொல் சொன்னவருக்குள் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை இருபது ஆண்டுகள் கழித்துத்தான் அவரால் பேச முடிந்திருக்கிறது. (கல்யாண வீட்டில் "என்ன, ஒரு சுற்றுப் பெருத்துவிட்டாயே" என்று விசாரிக்கப்பட்டு, சிரித்து மழுப்பிய எவருக்கும் இது புரியும்.)

படத்தில் என்னை மிகவும் உலுக்கியது, அவர் நினைவுகூரும் ஒரு சிறு சம்பவம். வீரர்களிடம் பேச வந்த உணவியல் நிபுணர், தம்மிடம் வரும் பெண்கள் பலருக்கு இத்தகைய கோளாறு இருப்பதாகச் சொல்லிவிட்டு, இங்கே ஆண்களிடம் அந்தப் பிரச்சினை இருக்காது என்ற தொனியில் கேட்டிருக்கிறார். சொல்லியிருக்கக்கூடிய ஒரே தருணம் அதுதான். ஃப்ளின்டாஃபோ இல்லை என்று சொல்லிவிட்டார். அந்தக் கேள்வியிலேயே பதிலும் இருந்தது என்பதுதான் கொடுமை. இங்கிலாந்தில் இளவரசி டயானா 1995-இல் தொலைக்காட்சிப் பேட்டியில் தமது புலிமியாவைப் பற்றிப் பேசியது பல பெண்களுக்கு வழி திறந்தது உண்மை. ஆனால் அங்கே உணவுக் கோளாறு உள்ளவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஆண் என்று 'பீட்' தொண்டு நிறுவனம் கணக்கிடுகிறது. அந்த ஆண்களுக்கு, 2005-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான ஆஷஸ் டெஸ்ட் தொடரில் 402 ரன்களும் 24 விக்கெட்டுகளும் எடுத்த ஆறடிக்கும் மேல் உயரமுள்ள ஓர் ஆல்ரவுண்டர் வாய் திறப்பது வேறு வகையான அனுமதி.

புலிமியா உள்ளவர் மெலிந்துதான் இருப்பார் என்பதில்லை. பார்வைக்கு நல்ல உடற்கட்டோடு இருப்பவரின் உடலிலும் தொடர் வாந்தியால் பொட்டாசியம் குறைந்து இதயத் துடிப்பு தடுமாறலாம். புலிமியாவோடு போராடி, இருபத்து நான்கு வயதில் மாரடைப்பால் இறந்த ஓர் இளைஞரின் குடும்பத்தினரை ஃப்ளின்டாஃப் சந்திக்கும் பகுதியில் இந்த ஆபத்து எந்த விளக்கமுமின்றி நமக்கு உறைக்கிறது. அவர் அதிகம் பேசுவதில்லை. தம்மைப் பற்றிய கதையைச் சொல்ல வந்தவர் அங்கே கேட்பவராக மாறிவிடுகிறார். படத்தின் சிறந்த பகுதி அதுவே.

பிரபலங்களின் ஒப்புதல்களில் வழக்கமாக ஒரு வசதி இருக்கும்: நோய் முடிந்துபோன கதையாகவே வரும். இங்கே அப்படியில்லை. தாம் முறையான சிகிச்சை பெற்றதில்லை என்றும், பழக்கம் இன்னும் முழுதாக விட்டுப்போகவில்லை என்றும் அவர் சொல்கிறார். படம் முடியும்போதும் குணமடைந்துவிட்டதாகச் செய்தி வருவதில்லை. சிலருக்கு இது குறையாகப் படலாம். "எனக்கு இன்னும் சரியாகவில்லையே" என்று தம்மையே நொந்துகொள்பவருக்கு, நலமடைந்தவரின் அறிவுரையைவிட இந்த முடியாத கதைதான் அருகில் வந்து உட்காரும் என்பது என் எண்ணம்.

குறையும் உண்டு. உதவி தேடத் துணிந்தவர் முதலில் யாரிடம் போவது, அந்தச் சிகிச்சை வாரத்துக்கு வாரம் எப்படி நடக்கும் என்பவற்றுக்கு இன்னும் பத்து நிமிடம் ஒதுக்கியிருக்கலாம். 2009-இல் பதினைந்தரை லட்சம் டாலருக்குச் சென்னை சூப்பர் கிங்ஸ் ஏலத்தில் எடுத்த வீரர் என்ற ஆர்வத்தில் பார்க்க உட்காருபவர்களுக்குக் கிரிக்கெட் காட்சிகள் போதாது. தற்போது இந்தக் கோளாறோடு போராடுபவர்கள் தனியாகப் பார்க்காமல், நம்பிக்கையான ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்ப்பது நல்லது. எடையையும் வாந்தியையும் பற்றிய பேச்சு இதில் ஒளிவுமறைவில்லாமல் வருகிறது.